கார்ப்பரேஷன் ஸ்கூலா, எய்டடா, ஆர்.டி.இ. சீட்டா? தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு கணக்கு

ஏப்ரல் வந்துவிட்டால் எங்கள் தெருவில் இரண்டு பேச்சுதான். ஒன்று தண்ணீர் லாரி, இன்னொன்று பள்ளிக்கூடம். சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஓர் அறையில் நான் உட்கார்ந்திருப்பதால் இரண்டாவது பேச்சு எப்படியும் என்னிடம் வந்துவிடும். "அண்ணா, பொண்ண எங்க சேக்கலாம்? நீங்களே சொல்லுங்க." கேட்கிற அம்மா பெரும்பாலும் மனதுக்குள் முடிவெடுத்துவிட்டுத்தான் வந்திருப்பார். என்னிடம் வேண்டுவது ஆமாம் என்ற ஒரு வார்த்தை. அதை அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியவில்லை என்பதால்தான் இந்த அலசல்.

காசு கொட்டிப் படிக்கவைக்க முடியாத குடும்பத்துக்கு வட சென்னையில் மூன்று வழிகள்: மாநகராட்சிப் பள்ளி, அரசு உதவிபெறும் (எய்டட்) பள்ளி, தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின் (ஆர்.டி.இ.) கீழ் ஒதுக்கப்படும் 25 சதவீத இடம். முதலில் ஒரு மாயையைக் கழித்துவிடலாம். 'மெட்ரிக்' என்ற பெயர்ப்பலகையைப் பார்த்து உள்ளே வேறு பாடம் நடப்பதாக இன்னும் நம்புகிறார்கள். சமச்சீர்க் கல்வியை நடைமுறைப்படுத்தச் சொல்லி 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதிலிருந்து மாநிலப் பாடத்திட்டத்தில் எல்லோருக்கும் பாடம் ஒன்றுதான். எங்கள் அறையில் மூன்று வகைப் பள்ளிப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே பாடத்தைத்தான் படிக்கிறார்கள். ஆங்கில வழி வேண்டுமென்றால் அதுவும் பல அரசுப் பள்ளிகளிலேயே இருக்கிறது. அப்படியானால் வேறுபாடு எங்கே? பாடத்துக்கு வெளியே.

காசிமேட்டு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா விடிவதற்கு முன்பே மீன் ஏலத்துக்குப் போய்விடுவார். பிள்ளை எழும்போது அடுப்பு எரியாது. மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் காலையில் சூடாகப் பொங்கலோ ரவா உப்புமாவோ கிச்சடியோ சாம்பாரோடு கிடைக்கிறது. 2022 செப்டம்பரில் சில பள்ளிகளில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த திட்டம் இது. இதற்கு ஒரு பாட்டன் உண்டு. 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட ஏற்பாடு செய்தவர், அன்று மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர். வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கு அவர் ஒரு கல்லூரியின் பெயர், இப்போது மெட்ரோ நிலையத்தின் பெயரும்கூட. தட்டில் விழுந்த சோற்றையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

காலைச் சாப்பாடு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆறாம் வகுப்பானால் பிள்ளைக்குப் பசிக்காதா என்ன?

மாநகராட்சிப் பள்ளியின் குறை கட்டடத்தில் இல்லை. சில தனியார் பள்ளிகளைவிட அங்கே இடம் தாராளம். குறை எண்ணிக்கையில். பிள்ளைகள் குறைந்த தொடக்கப் பள்ளிகளில் ஓர் ஆசிரியரே இரண்டு வகுப்பைக் கையில் வைத்திருப்பார். அவர் விடுப்பு எடுத்தால் அன்று இரண்டு வகுப்புக்கும் விளையாட்டுதான். நல்ல தலைமை ஆசிரியர் வாய்த்த பள்ளியும் வாய்க்காத பள்ளியும் இரண்டு தெரு இடைவெளியில் இருக்கும். 'கார்ப்பரேஷன் ஸ்கூல்' என்று மொத்தமாக ஒரு தீர்ப்புச் சொல்லவே முடியாது. ஒரு நாள் மதியம் போய் வாசலில் நின்று பாருங்கள், தெரிந்துவிடும்.

ஆர்.டி.இ. இடத்தின் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. எட்டாம் வகுப்பு வரை கல்விக் கட்டணத்தை அரசே கட்டும். டை, ஷூ, வேன். மாமியார் வீட்டில் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் எங்கள் பகுதியில் இதற்கென்று சில விசித்திரங்கள் உண்டு. ராயபுரத்திலும் ஜார்ஜ் டவுனிலும் பெயர்பெற்ற பழைய பள்ளிகள் பல சிறுபான்மையினர் நடத்துபவை. 2014இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்துவிட்டதால் அங்கே இந்த 25 சதவீதம் கிடையாது. மிஞ்சுவது வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் சின்ன நர்சரி, மெட்ரிக் பள்ளிகள். அந்த ஒரு கிலோமீட்டரும் வரைபடத்தில்தான். கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட் போட்டுவிட்டால் ஒரு கிலோமீட்டர் அரை மணி நேரம் ஆகும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எல்.கே.ஜி. பிள்ளையைக் கூட்டிப்போகிற பாட்டியைக் கேட்டால் வேறு ஒரு அளவு சொல்வார்.

அப்புறம் குலுக்கல். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் நின்று, ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குள் என்று காட்டி, எல்லாம் சரியாக இருந்தாலும், இடத்தைவிட விண்ணப்பம் அதிகமென்றால் சீட்டு எடுப்பார்கள். ஒரே படிக்கட்டில் இரண்டு வீடு. ஒரு வீட்டுக்குக் கிடைக்கும், எதிர் வீட்டுக்குக் கிடைக்காது. கிடைத்தவர்களிடமும் புத்தகத்துக்கு இவ்வளவு, ஆண்டு விழாவுக்கு இவ்வளவு என்று ஒரு பள்ளியில் கேட்டு, ரசீதும் கொடுக்காமல் வாங்கியதை நானே பார்த்திருக்கிறேன். 2025இல் கதை இன்னும் மோசம். மத்திய அரசும் மாநில அரசும் நிதிக்காக மோதிக்கொண்டதில் கோடையில் வர வேண்டிய அறிவிப்பு வரவே இல்லை. வழக்குகளுக்குப் பிறகு அக்டோபரில்தான் சேர்க்கை தொடங்கியது. பள்ளி திறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. காத்திருக்க முடிந்தவர்கள் எத்தனை பேர்?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்குப் பெரிய விஷயம் ஒன்பதாம் வகுப்பு. எட்டு முடிந்ததும் அரசு கட்டுவது நின்றுவிடும். முழுக் கட்டணமும் வீட்டின் தலையில். பத்து வருடம் ஒரே பள்ளியில் இருந்த பிள்ளை, தோழிகளை விட்டுவிட்டு வேறு வாசலைத் தேடி நிற்கும். எல்.கே.ஜி. சேர்க்கையின்போது இதை யாரும் யாரிடமும் சொல்வதில்லை.

இங்கேதான் ஒரு கணக்கு இருக்கிறது, பலருக்குத் தெரியாது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. நிபந்தனை, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளியும் இதில் சேரும். ஆர்.டி.இ. இடத்தில் எட்டு வரை படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கும் உண்டு. கிடைக்காதது யாருக்கு என்றால், கடன் வாங்கித் தனியாரில் கட்டணம் கட்டி எட்டு வரை ஓட்டிவிட்டு, முடியாமல் ஒன்பதில் அரசுப் பள்ளிக்கு வருகிற பிள்ளைக்கு. எங்கள் பக்கம் அதிகம் நடப்பது இதுதான். பணமும் போய், ஒதுக்கீடும் போய்விடும். தனியாரிலிருந்து மாற்றுவதாக இருந்தால் ஐந்து முடிந்ததும் மாற்றுங்கள் என்று நான் கத்திக்கொண்டே இருப்பது இதனால்தான்.

எய்டட் பள்ளிகளைப் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை. ஆசிரியருக்குச் சம்பளம் அரசு தருகிறது, நிர்வாகம் தனியார் கையில். தமிழ் வழியில் கட்டணம் இல்லை, சத்துணவு உண்டு, புத்தகம் உண்டு. 2025 ஆகஸ்டிலிருந்து நகரத்து உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் காலைச் சாப்பாடு வந்துவிட்டது. ஒழுங்கு விஷயத்தில் பெற்றோருக்கு ஒரு நம்பிக்கையும் இருக்கிறது. ஆனால் 7.5 சதவீதத்தில் இவர்களுக்கு இடமில்லை. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம், பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது அரசுப் பள்ளிக்கு மட்டும் என்றிருந்தது. பிறகு உதவிபெறும் பள்ளியின் தமிழ் வழி மாணவிகளுக்கும் வந்தது. அதே பள்ளியின் ஆங்கில வழிப் பிரிவில், அதற்கென்று கட்டணமும் கட்டிப் படித்தவளுக்கு இரண்டுமே கிடையாது. ஒரே வளாகம், ஒரே மணி, ஆனால் பலன் வேறு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், பேச்சுரிமை. மாநகராட்சிப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று உண்டு. சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். உறுப்பினர்களில் பாதி பெண்கள். கழிவறைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் உள்ளே போய் உட்கார்ந்து சண்டை போடலாம். மீன் விற்கிற அம்மாக்களுக்குச் சண்டை போட யாரும் கற்றுத்தர வேண்டாம். அதே அம்மா மெட்ரிக் பள்ளி வாசலில் காவலாளியிடம் பேரைச் சொல்லிவிட்டு வெயிலில் நிற்பார். இலவச இடத்தில் சேர்த்தவர் என்பதால் குரலும் தானாகத் தணிந்துவிடும்.

சரி, எங்கே சேர்ப்பது? அம்மா அப்பா இருவரும் விடியற்காலை வேலைக்குப் போகிற வீடென்றால் தொடக்கப் பள்ளிக்கு மாநகராட்சிதான், கூடவே சாயங்காலம் யாராவது ஒருவர் வாசிக்கவைக்க வேண்டும். தமிழ் வழிக்குத் தயங்காத வீடு, பக்கத்தில் நல்ல எய்டட் தொடக்கப் பள்ளி என்றால் அங்கே ஐந்து வரை விடலாம். ஆறில் அரசுப் பள்ளிக்கு மாற்றிவிட வேண்டும். ஆர்.டி.இ. கிடைத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எட்டு வரை பயன்படுத்திக்கொள்ளுங்கள், ஆனால் ஒன்பதில் எந்த அரசுப் பள்ளி என்பதை இன்றே முடிவு செய்துவிடுங்கள் என்பேன். வேனுக்கும் விழாவுக்கும் வட்டிக்கு வாங்க வேண்டி வருமென்றால் அது இலவச இடம் இல்லை.

போன வருடம் ஒரு அக்கா இரண்டு பெண்களோடு வந்தார். மூத்தவள் ஒரு மெட்ரிக்கில் ஐந்து முடித்திருந்தாள். கட்டணப் பாக்கி இருந்ததால் டி.சி. தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். டி.சி. இல்லை என்பதற்காக அரசுப் பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது, பாக்கிக்காக டி.சி.யைப் பிடித்துவைக்கவும் கூடாது என்று சொன்னேன். நம்பாமல் பார்த்தார். மறுநாள் காலை மாநகராட்சிப் பள்ளித் தலைமை ஆசிரியர் விண்ணப்பத்தை நீட்டிப் பிறப்புச் சான்றிதழை மட்டும் கேட்டபோது, அக்கா பையிலிருந்து ரேஷன் கார்டு, ஆதார், சாதிச் சான்று, கரண்ட் பில் எல்லாவற்றையும் மேசையில் கொட்டினார். "இவ்ளோதானா சார்?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, சின்னவளைக் காட்டி, "இவளுக்கு எல்.கே.ஜி. இருக்கா?" என்றார்.