யுஎஸ்பி டாக்: கேபிள் மின்சாரமா, தனி அடாப்டரா?

லேப்டாப்பின் ஹெட்போன் துளையில் வரும் இரைச்சல் தாங்காமல் டாக் (DAC, டிஜிட்டல் பாட்டை ஹெட்போனுக்கான ஒலி சிக்னலாக மாற்றும் சிறு வெளிக்கருவி) வாங்கப் போனால், முதல் குழப்பம் மின்சாரம்தான்.

யுஎஸ்பி கேபிளிலிருந்தே மின்சாரம் எடுக்கும் வகை சுலபம். விண்டோஸ் 10-இன் 2017 பதிப்பு முதல் பெரும்பாலானவற்றுக்குத் தனி டிரைவர்கூட வேண்டாம். சவுண்ட் செட்டிங்கில் அதைத் தேர்ந்தெடுத்தால் சரி. ஆனால் யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 5 வோல்ட், 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட். இயர்போனுக்கு அது தாராளம். அடாப்டர் இல்லாத ஹப்பில் ஹார்டு டிஸ்க்கோடு சேர்த்துச் செருகினால்தான் பாட்டு விட்டுவிட்டு வரும்.

அடாப்டர் வகை, 300 ஓம் போல மின்தடை அதிகமாக இருந்து கூடுதல் வோல்டேஜ் கேட்கும் ஹெட்போன் வைத்திருப்பவர்களுக்கு. அதிலும் ஒரு தொல்லை உண்டு. என் மேசையில் அடாப்டர் டாக், ஆம்ப்ளிஃபயர், சார்ஜரில் இருந்த லேப்டாப் மூன்றையும் இணைத்ததும் ‘உம்ம்’ என்று ஒரே ரீங்காரம். சார்ஜரைப் பிடுங்கினேன், நின்றது! எர்த் இரண்டு வழியாகச் சுற்றி வந்ததுதான் காரணம். அப்புறம் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு மாற்றியதில் பெருமளவு அடங்கியது.

வெறும் இயர்போன்தான் என்றால் கேபிள் வகையே வாங்குவேன். மிச்சக் காசில் இன்னும் நல்ல இயர்போன் கிடைக்கும்.