திருப்பூர், ஈரோடு, கோவை பர்கர்கள்: ஆறு வருசம் சாப்பிட்டுப் பார்த்ததில்

2019 ஜூன் மாதம், பையன் எட்டாவது சேர்ந்த வாரம், திருப்பூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பேக்கரியில் முதல்முதலாக பர்கர் வாங்கினேன். எண்பது ரூபாய். கண்ணாடிப் பெட்டியில் இருந்த பன்னை எடுத்தார்கள். ஃப்ரீசரில் கிடந்த பேட்டீஸைப் பொரித்து உள்ளே வைத்து, மயோனைஸும் கெட்சப்பும் பிழிந்து, மொத்தத்தையும் மைக்ரோவேவில் அரை நிமிடம் சுற்றவிட்டுக் கொடுத்தார்கள். வாங்கும்போது மெத்தென்று இருந்த பன், பாதி தின்பதற்குள் ரப்பர் மாதிரி இழுத்தது. பையனுக்குப் பிடித்திருந்தது. எனக்கு மனசு ஆறவில்லை. கோழி பல்லடத்துப் பண்ணையில் வளர்கிறது. முட்டை நாமக்கல்லில் இருந்து வருகிறது. ஊட்டி உருளைக்கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டியில் இறங்குகிறது. வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளி ரயிலில் அடுத்த ஸ்டேஷன்களில் ஒன்று. இத்தனையும் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு ஏன் இப்படி ஒரு பர்கர் என்று தோன்றியது.

அப்போதிருந்து மாதம் ஒன்று, சில மாதம் இரண்டு. கொரோனா சமயத்தில் விட்டுப்போனதைக் கழித்தாலும் அறுபதைத் தாண்டிவிட்டது. பனியன் கம்பெனி வேலையாக ஈரோடு, பெருந்துறை, கோவை என்று அலைவதால் எனக்குக் கடைகள் தென்படும். பையன் இப்போது கோவையில் காலேஜ் படிக்கிறான், அவனும் தேடிக் கண்டுபிடிப்பான். ரெண்டு பேரும் சேர்ந்து போனதை மட்டும்தான் கணக்கில் வைத்திருக்கிறேன்.

எங்கள் முறை எளிது. எந்தக் கடையானாலும் முதல் தடவை சாதா சிக்கன் பர்கர் ஒன்றுதான். சீஸ் வேண்டாம், சாஸ் தனிக் கிண்ணத்தில். கத்தியால் இரண்டாக வெட்டி, வெட்டுப் பக்கத்தைப் பார்ப்போம். ஒரு பாதியைச் சூடாக அப்போதே சாப்பிடுவோம். இன்னொரு பாதியைப் பத்து நிமிடம் அப்படியே வைத்திருந்து சாப்பிடுவோம். நல்ல பர்கர் அந்தப் பத்து நிமிடத்தைத் தாங்கும். மோசமானதில் அடிப்பக்க பன் கூழாகிக் கையில் ஒட்டும், இல்லையென்றால் காய்ந்து உதிரும். சாஸ் தனியாகக் கேட்டால் சில கடைகளில் முகம் சுளிப்பார்கள். நான் விடாப்பிடியாகக் கேட்டு வாங்குவேன். சாஸ் ஊற்றிவிட்டால் கறி நேற்றையதா இன்றையதா என்று நாக்குக்குத் தெரியாது.

பன்னைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் கழித்துவிட்ட கடைகளில் முக்கால்வாசி பன்னில்தான் தோற்றன. கறி நன்றாக இருந்தும் பன்னால் கெட்ட பர்கர் இருபதுக்கு மேல் சாப்பிட்டிருக்கிறேன். கொங்கு நாட்டில் பேக்கரிக்குப் பஞ்சமே இல்லை. எந்த முக்குக்குப் போனாலும் டீயும் தேங்காய் பன்னும் உண்டு. ஆனால் டீக்கடை பன் இனிப்பு பன். பர்கருக்கு அதையே எள் தூவிக் கொடுத்தால் காரமான கறியோடு சேராமல் இனிப்பு தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். மைக்ரோவேவில் வைத்தால் இன்னும் மோசம். உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாக வெளியேறிவிடும், ஆறியதும் மாவுச்சத்து இறுகிக்கொள்ளும். அந்த முதல் பர்கரில் நடந்தது அதுதான்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை கிடையாது. பன்னைக் குறுக்கே வெட்டி, வெட்டிய பக்கத்தில் வெண்ணெய் தடவி, தோசைக்கல்லில் கவிழ்த்துப் பொன்னிறமாக வாட்ட வேண்டும். அந்த மொறுமொறுப்பான தோல்தான் கறியில் இருந்து இறங்கும் சாற்றைப் பன்னுக்குள் விடாமல் தடுக்கும். வெண்ணெய்க்குப் பதிலாக மார்கரின் தடவுகிற கடைகளில் மேலண்ணத்தில் மெழுகு பூசியது போல ஒட்டிக்கொள்ளும், ஒரே வாயில் கண்டுபிடித்துவிடலாம். அவிநாசிப் பக்கம் ஒரு சின்னக் கடையில் ஊத்துக்குளி வெண்ணெய்தான் போடுவேன் என்று பிடிவாதமாக இருந்தார்கள். கல்லில் பட்டதும் எழுந்த வாசனைக்கே நின்றுவிட்டோம். அந்த பர்கரில் கறி சுமார்தான். இருந்தும் பன்னுக்காகவே நாலு தடவை போனோம். போன வருசம் கடையை மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது மொபைல் சர்வீஸ் நடக்கிறது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது இன்னமும் எட்டிப் பார்க்கிறேன்.

கோவையில் பெரிய கடைகள் பிரியோஷ் பன் என்று போடுகிறார்கள். பிரெஞ்சுக்காரர்களுடையது. மாவிலேயே வெண்ணெயும் முட்டையும் தாராளமாகச் சேர்ப்பார்கள். சரியாகச் செய்தால் அருமை. ஆனால் வெறும் மஞ்சள் நிறத்தைச் சேர்த்துவிட்டு அந்தப் பெயரைச் சொல்லி நாற்பது ரூபாய் கூட வாங்கிய கடையும் உண்டு. அங்கே இரண்டாவது தடவை போகவில்லை.

இனி கறி. நம்மூரில் சிக்கன் பர்கர் என்றால் இரண்டு வகை. ஒன்று, நெஞ்சுக்கறியையோ தொடைக்கறியையோ முழுத் துண்டாக மாவில் புரட்டிப் பொரித்தது. அமெரிக்காவில் இதை சாண்ட்விச் என்பார்கள், கொத்துக்கறி இருந்தால்தான் அங்கே பர்கர். இரண்டாவது, கொத்துக்கறியைத் தட்டிச் சுட்டது. பொரித்ததில் தொடைக்கறிதான் எப்போதும் ஜெயிக்கிறது. நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு. எண்ணெய்ச் சட்டியில் ஒரு நிமிடம் கூடிவிட்டால் சக்கை. மெனுவில் எந்தக் கறி என்று எழுதியிருக்காது, நாம்தான் கேட்க வேண்டும். கேட்டால் சொல்கிறார்கள்.

கொத்துக்கறி பர்கரில்தான் அதிக ஏமாற்றம். மூன்று நாலு வருசமாக ஸ்மாஷ் பர்கர் மோகம். உருண்டையைப் பழுக்கக் காய்ந்த கல்லில் வைத்து மெல்லிசாக அழுத்திச் சுடுவது. அப்படி அழுத்தும்போது அடிப்பக்கம் முழுவதும் கல்லைத் தொட்டுச் சிவந்து முறுகும். தோசை ஓரம் முறுகினால் வருகிற ருசியும் இதே வேலைதான். புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து செய்கிற இந்த மாற்றத்தை 1912இல் விவரித்தவர் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், அதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் இந்தச் செய்முறை மாட்டுக்கறிக்காக உண்டானது. அதில் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு வைத்துத்தான் அரைப்பார்கள். கொழுப்பில்லாத கோழி நெஞ்சுக்கறியை அரைத்து அதே மாதிரி அழுத்தினால் அப்பளம் போல ஆகிவிடுகிறது. மாட்டுக்கறியைக் கொஞ்சம் சிவப்பாக விட்டுச் சாப்பிடுகிற பழக்கம் வெளிநாட்டில் உண்டு. கோழிக்கு அந்தச் சலுகை கிடையாது, உள்ளே 74 டிகிரி செல்சியஸ் சூடு ஏறியே ஆக வேண்டும். அதனால் ஈரத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும். கோவையில் ஒரு கடையில் தொடைக்கறியைத் தோலோடு அரைக்கிறார்கள். சிக்கன் ஸ்மாஷில் நாங்கள் முழு மார்க் கொடுத்தது அது ஒன்றுக்குத்தான். இரட்டை பேட்டீஸ் 190 ரூபாய், கொடுக்கலாம்.

மாட்டுக்கறி பர்கர் கோவையில் கிடைக்கிறது. எங்கள் வீட்டில் சாப்பிடும் பழக்கம் இல்லாததால் நான் அதற்கு மார்க் போடவில்லை. மட்டன் கொத்துக்கறி பர்கர் மூன்று இடத்தில் சாப்பிட்டோம். கொழுப்பு இருப்பதால் சாறு இறங்குகிறது, பன்னுக்கும் கறிக்கும் நல்ல ஒட்டு. விலைதான் 250க்குக் கீழே வருவதில்லை.

இத்தனையும் தாண்டி நான் ஊருக்கெல்லாம் சொல்ல விரும்புவது ஈரோட்டில் ஒரு கடையைத்தான். கணவனும் மனைவியுமாகச் சாயங்காலம் மட்டும் போடுகிறார்கள். காவிரியைத் தாண்டினால் பள்ளிபாளையம். அந்த ஊர்ப் பெயரில் எல்லா ஹோட்டலிலும் ஓடுகிற சிக்கனை இவர்கள் பன்னுக்குள் வைத்தார்கள். வரமிளகாய், சின்ன வெங்காயம், கருவேப்பிலை, மஞ்சள், தேங்காய்ச் சில்லு, அவ்வளவுதான். கரம் மசாலா, தக்காளி எதுவும் இல்லை. முதல் வாயிலேயே பையன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"ஏனுங்க தம்பி, மயோனைஸ் போடலீங்களா?" என்று கேட்டேன்.

"போட்டா தேங்காச் சில்லு ருசி தெரியாதுங்க்கா. வேணுமின்னா தனியாத் தர்றனுங்க" என்றார்.

ருசி சரி, ஆனால் அமைப்பு சரியில்லை. கறித் துண்டுகள் பெரிதாக இருந்ததால் கடிக்கக் கடிக்கப் பின்பக்கம் வழியாகக் கொட்டியது. தட்டில் விழுந்ததை விரலால் எடுத்துத்தான் சாப்பிட்டோம். கிளம்பும்போது சொன்னேன்: "கறியப் பொடியா கொத்திப்போட்டு, எறக்கறதுக்கு முன்னாடி ஒரு முட்டைய ஒடச்சு ஊத்திப் பெரட்டிப் பாருங்க தம்பி. ஒண்ணாப் புடிச்சுக்கும்." அந்த அம்மிணி சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். இரண்டு மாதம் கழித்துப் போனபோது அப்படியே செய்திருந்தார்கள். முட்டை கறியைப் பிடித்துக்கொண்டது, காரமும் ஒரு சுற்று இறங்கி பன்னோடு பொருந்தியது. சின்ன வெங்காயம் வதங்கி விடுகிற இனிப்பே போதும், கெட்சப்புக்கு வேலை இல்லை. ஒன்று 130 ரூபாய். இந்த ஆறு வருசத்தில் பத்து நிமிடம் கழித்தும் முதல் வாய் மாதிரியே இருந்த பர்கர் அதுதான்.

மயோனைஸ் பற்றி ஒன்று. 2023 கோடையில் ஒரு கடையில் சாப்பிட்டுவிட்டு வந்த இரவே பையனுக்கு வாந்தியும் பேதியும். இரண்டு நாள் டிரிப் ஏற்ற வேண்டியிருந்தது. அதுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த மயோனைஸ் பாட்டில் மதியத்தில் இருந்து கல்லுக்குப் பக்கத்திலேயே வெக்கையில் நின்றிருந்ததை நான் பார்த்தேன். பச்சை முட்டையை எண்ணெயோடு அடித்துச் செய்கிற பொருள் அது. முட்டையில் கிருமி இருந்தால் அந்தச் சூட்டில் பெருகும். அதன்பிறகு முதலில் ஃப்ரிட்ஜ் எங்கே இருக்கிறது என்றுதான் பார்க்கிறேன். 2025 ஏப்ரல் 8 முதல் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு ஓராண்டுத் தடை போட்டது. எனக்கு அது பெரிய நிம்மதி. கடைகள் முட்டையில்லாத மயோனைஸுக்கு மாறின. அது கொஞ்சம் இனிப்பாக, கெட்டியாக இருக்கிறது. ருசியில் ஒரு படி கீழேதான், ஆனாலும் அதையே போடட்டும்.

சைவ பர்கரில் எனக்கு அனுபவம் குறைவு. புரட்டாசியில் மட்டும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போவோம். இந்தியாவுக்கு மெக்டொனால்ட்ஸ் 1996இல் வந்தபோது மாட்டுக்கறி இல்லாமல்தான் கடை திறந்தது, உருளைக்கிழங்கு டிக்கி பர்கர்தான் இங்கே அடையாளமாகிவிட்டது. அதைப் பார்த்துத்தான் நம்மூர்க் கடைகளும் போடுகின்றன. ஆனால் கிழங்கை நைசாக மசித்து பன்னுக்குள் வைத்தால் மெத்தென்றதன் மேல் மெத்தென்றது. "போண்டாவே தின்னுருக்கலாமே கண்ணு" என்றார் மாமியார், நியாயமான பேச்சு. வேகவைத்த கொண்டைக்கடலையை ஒன்றிரண்டாக உடைத்துச் சேர்த்திருந்த ஒரு கடையில் மட்டும் பல்லுக்கு ஏதோ அகப்பட்டது.

பார்சல் வாங்காதீர்கள். டப்பாவுக்குள் ஆவி முட்டிப் பன் வேர்த்து, வீடு வந்து சேர்வதற்குள் வாட்டிய பக்கமெல்லாம் நமத்துவிடும். நல்ல கடைகளில் இருந்து வாங்கியும் எங்களுக்கு இதுதான் நடந்தது. வேறு வழியில்லாமல் வாங்கினால், பன்னையும் கறியையும் தனித்தனியாகக் கட்டச் சொல்லிவிட்டு வீட்டில் தோசைக்கல்லில் ஒரு தடவை வாட்டிக்கொள்ளுங்கள். காம்போவும் தேவையில்லை. அந்தக் காசு ஃபிரெஞ்சு ஃபிரைஸுக்கும் கோலாவுக்கும்தான் போகிறது, கறியின் அளவு கூடுவதில்லை.

இப்போது திரும்பத் திரும்பப் போவது இரண்டே இடம்: பையனைப் பார்க்கப் போகும் நாளில் கோவையின் தோலோடு அரைத்த ஸ்மாஷ், ஈரோட்டில் வேலை முடிந்த நாளில் பள்ளிபாளையம் பர்கர். ஈரோட்டுக் கடைக்குப் போகிறவர்கள் ஏழு மணிக்குள் போய்விடுங்கள். பன் தினமும் ஐந்து மணிக்குப் பக்கத்துப் பேக்கரியில் இருந்து சூட்டோடு வருகிறது, நாற்பதுதான் வாங்குகிறார்கள். தீர்ந்துவிட்டால் வேறு பன்னில் வைத்துக் கொடுக்கச் சொன்னாலும் கொடுக்கமாட்டார்கள். செவ்வாய்க்கிழமை லீவு.