'கனடியன் எக்ஸ்பீரியன்ஸ்' விற்கிறவர்களிடம் பணம் கட்டாதீர்கள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஸ்கார்பரோ, பிராம்ப்டன் பக்கம் புதிதாக வந்திறங்கும் இன்ஜினியர்களைக் குறிவைத்து ஒரு வியாபாரம் ஓடுகிறது. சில ஆயிரம் டாலர் கட்டினால் ஏதோ ஒரு கம்பெனியில் சம்பளமில்லாத 'பிளேஸ்மென்ட்', முடிவில் அனுபவக் கடிதம், அதைக் காட்டி இன்ஜினியராகத் தொழில் செய்வதற்கான பி.இங். லைசென்ஸ் வாங்கிவிடலாம் என்பார்கள்.

அவர்கள் விற்பது யாரும் கேட்காத சரக்கு. ஒன்டாரியோவில் லைசென்ஸ் தரும் பி.இ.ஓ. அமைப்பு, 12 மாதக் கனடா அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனையை 2023 மே மாதமே எடுத்துவிட்டது. இப்போது 48 மாத இன்ஜினியரிங் அனுபவம் காட்ட வேண்டும். அது சென்னையில் செய்ததாகவும் இருக்கலாம், துபாயில் செய்ததாகவும் இருக்கலாம். பி.இ.ஓ. கேட்கும் 34 திறன்களுக்கும் நீங்கள் செய்த வேலையைத் தனித்தனியாக எழுத வேண்டும். அதை நேரில் பார்த்த மேலதிகாரிகளிடம் பி.இ.ஓ.வே கேட்டு உறுதிசெய்யும். ஜிமெயில் முகவரியோடு வரும் லெட்டர்ஹெட் கடிதம் இங்கே நிற்காது. பொய் அனுபவம் என்று தெரிந்தால் நன்னடத்தை நிபந்தனையிலும் சிக்கல். ஆகவே ஊரில் வேலையை விடும் முன்பே பழைய மேலதிகாரிகளின் சொந்த இமெயில், போன் நம்பர், ப்ராஜெக்ட் பட்டியல், எந்தக் கணக்கை யார் போட்டது என்ற குறிப்பு எல்லாவற்றையும் கையோடு வாங்கிவிடுங்கள். கம்பெனி மாறிப் போனவரைப் பிறகு தேடுவது பெரும்பாடு.

'வெஸ் முடிந்தால் லைசென்ஸ் பாதி முடிந்த மாதிரி' என்பதும் புளுகு. வெஸ் என்பது வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் அமைப்பு. குடியேற்றத்துக்கு அங்கே எடுக்கும் மதிப்பீடு, பட்டம் எதற்குச் சமம் என்று மட்டுமே சொல்லும். பி.இ.ஓ. படிப்பைத் தனியாகப் பார்க்கும். தொழில்நுட்பத் தேர்வும் கேட்கலாம். தொழில் சட்டம், நெறிமுறை பற்றிய என்.பி.பி.இ. தேர்வு எப்படியும் உண்டு.

ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். வாயால் சொல்வது வேலை. தாளில் இருப்பது 'பயிற்சி', 'கோச்சிங்'. வேலைக்குக் கட்டணம் வாங்கினார்கள் என்று பின்னால் யாரும் சொல்லிவிடக் கூடாதே! ஒர்க் பர்மிட்டில் இருப்பவரிடம் ஆள்சேர்ப்பவர் கட்டணம் வாங்குவதே ஒன்டாரியோவில் சட்டவிரோதம். வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க முதலாளி அரசிடம் வாங்கும் எல்.எம்.ஐ.ஏ. அனுமதிக்கான விண்ணப்பக் கட்டணம் 1,000 டாலரும் முதலாளி தலையில்தான். உங்களிடம் வசூலிக்கக் கூடாது.

ஏற்கெனவே இ-டிரான்ஸ்ஃபரில் (இமெயில் வழி வங்கிப் பணப் பரிமாற்றம்) பணம் அனுப்பியிருந்தால் உடனே வங்கியை அழையுங்கள். எதிராளி ஆட்டோ டெபாசிட் (வரும் பணம் தானாகக் கணக்கில் சேரும் வசதி) வைத்திருந்தால் பணம் அப்போதே அவர் கணக்கில் விழுந்திருக்கும், ரத்து செய்ய வழியில்லை. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல், ரசீதோடு சேர்த்து மாகாணத் தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் கொடுங்கள். புகாருக்குக் கட்டணம் கிடையாது. சம்பளம் தராமல் வேலை வாங்கியிருந்தால், எந்தெந்த நாள் எத்தனை மணி நேரம் என்று எழுதி அதையும் சேருங்கள்.