விலங்கு மொசைக்: உடைந்த டைல்ஸா, கண்ணாடி வளையல் துண்டா?

வேலூர் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்து யாளியைப் பார்த்துவிட்டு அதையே மொசைக்கில் (சிறு துண்டுகளை ஒட்டிச் செய்யும் படம்) செய்ய ஆசைப்படுவோர் முதலில் தடுமாறுவது பொருளில்தான்.

செலவு
டைல்ஸ்: கடையில் உடைந்ததைக் கேட்டால் சும்மாவே கிடைப்பதுண்டு.
வளையல்: ஒரே நிறம் நிறைய வேண்டுமென்றால் வாங்கத்தான் வேண்டும்.

வெட்டுவது
டைல்ஸ்: சுவர் டைல்ஸ் கட்டருக்கு இணங்கும். தரைக்குப் போடும் விட்ரிஃபைட் வேண்டாம், கை வலிதான் மிச்சம்.
வளையல்: துணியில் சுற்றித் தட்டினால் போதும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி இரண்டுக்குமே கட்டாயம்.

உருவம்
டைல்ஸ்: யானை, எருமை போன்ற பெரிய உடம்புக்கு.
வளையல்: மயில் தோகை, மீன் செதிலுக்கு இதை மிஞ்ச எதுவுமில்லை, துண்டின் வளைவே கோடு போட்டுத் தரும்.
எதுவானாலும் கண்ணை முதலில் ஒட்டுங்கள், பிறகு முகம், உடல், கடைசியில் பின்னணி. மயிர் ஓடும் திசையிலேயே துண்டுகள் ஓடட்டும். குறுக்கே வைத்தால் விலங்கு தட்டையாகிவிடும்.

நீடித்து உழைப்பது
டைல்ஸ்: வெயில், மழை தாங்கும். ஆனால் ஃபெவிகால் நனைந்தால் இளகும். வெளிச்சுவருக்கு சிமெண்ட் வகை டைல் பசைதான்.
வளையல்: வெள்ளை நிற டைல் பசையே போடுங்கள், சாம்பல் நிறப் பசை ஊடே தெரிந்து மங்கலாக்கும். பொன்பூச்சு துடைக்கும்போதே உரியும்.

துண்டுகளுக்கு நடுவே இடைவெளி 2–3 மி.மீ.; ஒட்டி 24 மணி நேரம் கழித்து கிரவுட் (இடைவெளியை நிரப்பும் பூச்சு). நம்மூர் மே மாத வெயிலில் அது வேகமாகக் காய்ந்து வெடிக்கும், நிழலில் ஈரத்துணி மூடி வையுங்கள்.

மொட்டைமாடி, தோட்டச் சுவர், குழந்தைகள் கைபடும் இடம் என்றால் டைல்ஸ். கூடத்தில் 12 மி.மீ. பிளைவுட்டில் மாட்டும் மயிலுக்கு வளையல். யாளிக்கு உடல் டைல்ஸில், பிடரி வளையலில்.