அலுவலகத்தாரே இணையதளத்தைப் புதுப்பிக்க வேர்ட்பிரஸ்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

எங்கள் அறக்கட்டளையின் இணையதளத்தில் ஒரு விடுமுறை அறிவிப்பைச் சேர்ப்பதற்குக்கூட, தளத்தை வடிவமைத்தவருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நிலை பல ஆண்டுகள் நீடித்தது. சில சமயம் அறிவிப்பு ஏறுவதற்குள் விடுமுறையே முடிந்திருக்கும். கணக்கர், அலுவலக உதவியாளர், நூலகர் ஆகிய மூவரும் இத்தகைய அறிவிப்புகளைத் தாங்களே வெளியிட வேண்டும் என்பதற்காகச் சென்ற ஆண்டு, இணையதளத்தை அமைத்து நிர்வகிக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸுக்கு மாறினோம். மூவருக்கும் கணினியில் கடிதம் தட்டச்சு செய்யத் தெரியும். நிரல் எழுதத் தெரியாது, அதற்குத் தேவையும் இல்லை.

கட்டற்ற மென்பொருள் என்பதால் உரிமக் கட்டணம் கிடையாது. 2018 டிசம்பரில் 5.0 பதிப்புடன் வந்த பிளாக் எடிட்டர் என்ற எழுதும் திரையில் தலைப்பு, பத்தி, படம், அட்டவணை ஒவ்வொன்றும் தனித்தனி பிளாக்காக, அதாவது தனிப் பெட்டியாக, இருக்கும். ஒரே தாளில் எழுதிப் பழகியவர்களுக்கு, என்டரை அழுத்தும்போதெல்லாம் புதிய பிளாக் பிறப்பது முதல் வாரம் எரிச்சலூட்டியது. அந்த எரிச்சலைவிடப் பெரிய தடை, எதையாவது கெடுத்துவிடுவோமோ என்ற பயம். பழைய நிலைகளைத் தானே சேமித்து வைக்கும் திருத்த வரலாறுதான் அதைப் போக்கியது: நூலக நேர அட்டவணையை நூலகர் தவறுதலாக அழித்தபோது, முந்தைய நிலையை அவரே இரண்டு நிமிடங்களில் மீட்டெடுத்தார், அதன்பின் அவர் யாரையும் கேட்பதில்லை.

குறை என்று சொல்ல வேண்டியது, யாருக்கு எந்த உரிமை என்ற பிரிவினையில் இருக்கிறது. கான்ட்ரிபியூட்டர் நிலையில் இருப்பவர் செய்தியை எழுதலாம், ஆனால் வெளியிடவோ படம் ஏற்றவோ முடியாது. விழாச் செய்தியைப் படமில்லாமல் எழுதி என்ன பயன்? ஆதர் நிலையில் இருப்பவர் தம் செய்திகளைப் படத்துடன் வெளியிடலாம் என்றாலும், தொடர்புப் பக்கத்தில் மாறிவிட்ட தொலைபேசி எண்ணைத் திருத்த முடியாது. அதற்கு எடிட்டர் உரிமை வேண்டும். அதைக் கொடுத்தாலோ எல்லாப் பக்கங்களையும் நீக்கும் அதிகாரமும் கூடவே போய்விடுகிறது. நீக்கியவை 30 நாள்கள் குப்பைத்தொட்டியில் இருக்கும் என்பது ஓரளவு ஆறுதல். 2022இல் வந்த 6.0 பதிப்பு முதல் பிளாக்குகளை நகர்த்தவோ நீக்கவோ முடியாதபடி எழுதும் திரையிலேயே பூட்டி வைக்கலாம். ஆனால் பூட்டைத் திறக்கும் வசதியும் அதே பயனருக்கு இயல்பாகக் கிடைப்பதால், அதை நிர்வாகிக்கு மட்டும் ஒதுக்கச் சில வரி நிரல் எழுத வேண்டியிருந்தது. இந்த வேலையைத் தொடக்கத்திலேயே முடித்துவிட்டு அலுவலகத்தாரிடம் தளத்தை ஒப்படைப்பது நல்லது.

தமிழ் அலுவலகங்களுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. எங்கள் பழைய சுற்றறிக்கைகள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் இருந்தன. அவற்றை நகலெடுத்து ஒட்டினால் தளத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமே தெரியும். இது வேர்ட்பிரஸின் குற்றமன்று. இணையத்தில் தமிழுக்குப் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றி ஒட்டக் கற்றுக்கொடுக்கவே ஒரு முழு நாள் ஆனது. பயிற்சியில் வேறெதற்கும் அவ்வளவு நேரம் பிடிக்கவில்லை.

படங்களைப் பற்றிக் கவலை குறைவு. கைப்பேசியில் எடுத்த பெரிய படங்களை அப்படியே ஏற்றினாலும், 5.3 பதிப்பு முதல் 2560 பிக்சலுக்கு மேற்பட்டவற்றைத் தானே சுருக்கிக்கொள்கிறது. பல பக்கங்களில் வரும் முகவரியை ஒத்திசைந்த பேட்டர்னாக (பல இடங்களில் பயன்படும் ஒரே பொது பிளாக் தொகுப்பாக) அமைத்துவிட்டதால், ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் மாறிவிடுகிறது.

பதிப்பு மேம்பாடு, பிளகின் எனப்படும் கூடுதல் வசதி நிரல்களைப் புதுப்பித்தல், காப்புநகல் எடுத்தல் ஆகியவற்றை மட்டும் இந்த மூவரிடம் விடவில்லை. அவற்றுக்காக அந்தப் பழைய வடிவமைப்பாளரையே மாதம் ஒருமுறை வரச்சொல்லியிருக்கிறோம்.