காதர்பேட்டை மரியோ பனியன்: புள்ளியை எண்ணி வாங்குங்க

திருப்பூர் காதர்பேட்டையில், ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு விற்கும் சர்ப்ளஸ் கடைகளில் பழைய வீடியோ கேம் மரியோ படம் போட்ட டி-ஷர்ட் மூன்று விதமாகத் தொங்குகிறது. வெள்ளைத் துணியில் ஸ்கிரீன் பிரின்ட் 220 ரூபாய். கறுப்பில் ஸ்கிரீன் பிரின்ட் 280. டிடிஎஃப் (ஃபிலிமில் அச்சடித்துச் சூட்டில் ஒட்டுவது) 250. மூன்றும் 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) சிங்கிள் ஜெர்சி பின்னல் துணி, துணியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வித்தியாசம் எல்லாம் படத்தில்தான்.

வெள்ளைதான் சரியான சரக்கு. அது ஏன் சரி என்பதற்கு அந்த உருவம் பிறந்த கதை தெரிய வேண்டும். 1981-இல் நின்டெண்டோவின் டாங்கி காங் ஆர்கேட் கேமுக்காக ஷிகெரு மியாமோட்டோ வரைந்தபோது கையில் இருந்தது கொஞ்சம் புள்ளிகள்தான் (பிக்சல், திரையில் படம் கட்டும் சின்னச் சதுரம்). வாயை வரைந்தால் தெரியாது, அதனால் மீசை. குதிக்கும்போது முடி பறப்பதைக் காட்ட முடியாது, அதனால் தொப்பி. ஓடும்போது கை வீசுவது கண்ணில் பட வேண்டும், அதனால் சட்டை ஒரு நிறம், மேலே மாட்டிய ஓவரால் வேறு நிறம். அப்போது அந்த உருவம் ஜம்ப்மேன் என்ற தச்சர். மரியோ என்ற பெயர், நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளைக்குக் கிடங்கு வாடகைக்கு விட்டிருந்த மரியோ செகாலியிடமிருந்து வந்தது. பிளம்பர் ஆனது 1983-இன் மரியோ பிரதர்ஸில்.

டி-ஷர்ட்டில் இருப்பது 1985-இல் நின்டெண்டோவின் வீட்டு கேம் மெஷினான ஃபேமிகாமில் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸின் சின்ன மரியோ. அந்த மெஷினில் 8-க்கு 8 புள்ளிக் கட்டம் ஒவ்வொன்றுக்கும் மூன்று நிறம்தான். நான்காவது இடம் பின்னணி தெரிய வேண்டிய வெற்றிடம். நாலு கட்டம் சேர்த்தால் மரியோ. சிவப்பு, தோல் நிறம், பாசி கலந்த பழுப்பு, அவ்வளவே. ஸ்கிரீன் பிரின்ட் டேபிளிலும் இதே கணக்குதான்: ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன் (மை இறங்கும் வலைச் சட்டம்). மூன்று ஸ்கிரீனில் முடிகிற வேலை என்பதால் வெள்ளைத் துணியில் இந்தப் படம் கச்சிதமாக உட்காருகிறது.

கடையிலேயே சோதிக்கலாம். உருவம் அகலத்தில் 12 புள்ளி, உயரத்தில் 16. தொப்பியின் முதல் வரி 5 புள்ளி, இரண்டாவது 9. கண் மேலும் கீழுமாக 2. மீசை மேலே 1, அடியில் 4. முடி, மீசை, சட்டை, பூட்ஸ் எல்லாம் ஒரே பழுப்பு. ஓவரால் பட்டன் தோல் நிறத்திலேயே இருக்கும். தொப்பியில் எழுத்து கிடையாது, கையில் கிளவுஸ் கிடையாது. வெள்ளையில் டேப் வைத்துப் பார்த்தால் 24-க்கு 32 சென்டிமீட்டர், புள்ளிக்கு 2 சென்டிமீட்டர் சதுரம். பழைய டிவியில் புள்ளி கொஞ்சம் அகலமாகத் தெரியும் (அகலம் 8 என்றால் உயரம் 7). அந்த விகிதத்தில் அடித்தால் அகலம் 27.4 வரும், அதுவும் தப்பில்லை. சிவப்பு கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் விடுங்கள். அந்த மெஷின் நிறத்தை டிவி சிக்னலாகவே அனுப்பியது, செட்டுக்கு செட் மாறித்தான் தெரிந்தது.

கறுப்பில்தான் கோளாறு. ஓவரால் நீலம், சட்டை சிவப்பு, பட்டன் மஞ்சள்.

"ஏனுங்கண்ணா, பட்டன் மஞ்சளா இருக்குதுங்களே?"

"அதுதானுங்க இப்ப ஓடுது."

ஓடலாம். ஆனால் 1981-இல் ஓவரால் சிவப்பு, சட்டை நீலம். 1985-இல் ஓவரால் சிவப்பு, சட்டை பழுப்பு. 1988-இல் அமெரிக்காவில் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் 2-இல் ஓவரால் நீலம், சட்டை சிவப்பு. 1985 உருவத்துக்குப் பிந்தைய உடுப்பைப் போட்டுவிட்டார்கள். இதனால் ஸ்கிரீன் ஐந்தாகிறது. கறுப்புத் துணியில் அடியில் வெள்ளை அடிக்காவிட்டால் சிவப்பு மங்கி மெரூன் ஆகிவிடும், ஆக ஆறு. டேபிளில் பீஸ் பசையில் சரியாக ஒட்டாமல் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் புள்ளி ஓரத்தில் வெள்ளை எட்டிப் பார்க்கும். பார்த்த பீஸ்களில் மீசைக்குக் கீழேதான் அதிகம் தெரிந்தது. மஞ்சள் பட்டன் இல்லாத, ஓரம் சுத்தமான பீஸ் கிடைத்தால் எடுக்கலாம்.

டிடிஎஃப் வேண்டாம். நெஞ்சில் ஒரு பிளாஸ்டிக் பலகை மாதிரி நிற்கிறது, நம்ம ஊர் வெயிலுக்கு அடியில் வேர்த்துக் கொட்டும். ஃபைலை மென்மையாக்கிப் பெரிதுபடுத்தியதில் புள்ளியின் மூலைகள் உருண்டு, மீசை கம்பளிப்பூச்சி ஆகிவிட்டது. மரியோ இடப்பக்கம் பார்க்கிறார் என்பதை மட்டும் குறையாகச் சொல்ல மாட்டோம். கேமிலும் இடப்பக்கம் திரும்ப அதே படத்தைத்தான் புரட்டிப் போட்டார்கள்.

எதை எடுத்தாலும் பிரின்ட்டை இரண்டு கையாலும் அகலவாக்கில் இழுத்துப் பாருங்கள். விரிசல் விட்டால் பிளாஸ்டிசால் என்கிற பிளாஸ்டிக் மை வேகவில்லை என்று அர்த்தம், மை முழுதாக 160 டிகிரி வரை சூடேறியிருக்க வேண்டும். பிரின்ட் கட் பீஸிலேயே அடித்துப் பிறகு தைப்பதால் சர்ப்ளஸில் படம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். பனியனை நெடுக்காக மடித்து, மடிப்பு ஆறாவது புள்ளிக்கும் ஏழாவது புள்ளிக்கும் நடுவே விழுகிறதா என்று பாருங்கள். துவைக்கும்போது உள்பக்கம் வெளியே, பச்சைத் தண்ணீர். இஸ்திரிப் பெட்டியைப் பிரின்ட் மேல் நேராக வைத்தால் மை இளகிப் பெட்டியோடு வந்துவிடும்.