கேரம் கற்க எது மேல்: போர்டு ஓரமா, யூடியூபா?

வடசென்னையில் வியாசர்பாடி, ராயபுரம், காசிமேடு பக்கம் சாயங்காலம் நடந்தால் ஒரு கேரம் போர்டாவது கண்ணில் படும். நாலு பேர் ஆடுவார்கள், பத்துப் பேர் சுற்றி நிற்பார்கள். அந்தப் பத்தில் ஒருவனாக நின்றுதான் நான் கற்றேன். அக்கா பையன் யூடியூபில் கற்கிறான். எது மேல் என்று எங்களுக்குள் ஓயாத வாக்குவாதம்.

யூடியூபின் பலம் பெரியது. காயினை ஓரத்தில் தட்டிச் சாய்வாக அனுப்பும் கட் ஷாட்டை மெதுவாக ஓட்டி, அடிக்கிற வில்லையான ஸ்ட்ரைக்கர் காயினின் எந்த ஓரத்தைத் தொடுகிறது என்று நிறுத்திப் பார்க்கலாம். புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024-ல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வென்றாரே, அந்த மாதிரி உலகக் கோப்பை ஆட்டக்காரர்களின் கை நம் தெருவுக்குத் தினமும் வராது.

ஆனால் திரும்பத் திரும்பப் பார்த்தால் கைக்கே வந்துவிட்டதாக மனசு நம்பிவிடும். 2018-ல் வெளியான ஓர் ஆய்வில் டார்ட் என்ற சிறு அம்பைப் பலகையில் எறியும் வீடியோவைச் சிலருக்கு ஒரு தடவை, சிலருக்கு இருபது தடவை காட்டினார்கள். இருபது தடவை பார்த்தவர்களுக்கு நம்பிக்கை கூடியது. எறிந்தபோது புள்ளி கூடவில்லை. 15 கிராம் ஸ்ட்ரைக்கரின் கனம் விரல் நுனிக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது.

போர்டு ஓரத்தில் கிடைப்பது வேறு. எங்கள் தெரு அண்ணன் ஒருவர் சிவப்புக் காயினைப் போட்டுவிட்டு, அதை உறுதி செய்ய அடுத்துப் போட வேண்டிய காயினை, அதாவது பாலோவை, தவறவிட்டார். அடுத்த ஆட்டத்திலும் கிட்டத்தட்ட அதே நிலைமை. இந்தத் தடவை ஸ்ட்ரைக்கரை இரண்டு விரல் அகலம் இடப்பக்கம் நகர்த்தி, மூச்சை விட்டு, மெல்லத் தட்டினார். விழுந்தது. தப்பையும் திருத்தத்தையும் ஒன்றாகப் பார்த்ததால் அது இன்னும் மறக்கவில்லை. வீடியோவில் தவறிய ஷாட்டைப் பெரும்பாலும் வெட்டிவிடுகிறார்கள். அதனால்தான் சாம்பியனைப் பார்ப்பதைவிட, நமக்கு ஒரு படி மேலே ஆடுபவரைப் பார்ப்பது ஆரம்பத்தில் அதிகம் உதவும் என்பேன்.

உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டூரா பார்த்துக் கற்பதற்கு நாலு விஷயம் வேண்டும் என்றார்: கவனிப்பு, நினைவு, செய்துபார்த்தல், செய்யத் தூண்டும் ஆர்வம். முதல் இரண்டுக்கு போன் போதும். மூன்றாவதற்கு யாராவது எழுந்து இடம் விட வேண்டும்.

போன வாரம் பையன் முதல் தடவையாக என்னோடு வந்து நின்றான். ஒரு ஆள் குறைந்ததும், "தம்பி, உக்காருப்பா" என்றார்கள். அவன் அடித்த முதல் ஸ்ட்ரைக்கர் நேராகப் பாக்கெட்டில் விழுந்தது; கேரமில் அது தப்பு. யாரும் சிரிக்கவில்லை. எதிரே இருந்தவர் எட்டி, அவன் விரலைக் கொஞ்சம் மடக்கி வைத்தார்.